கிணற்றுக்கு உடையவன்

வேதபாடம்
வாசிக்க: யாத்திராகமம் 21:33,34; ஆதியாகமம் 29:1-10; II இராஜாக்கள் 2:19-22



"ஒரு கிணறு வெட்டிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?" என்று விசாரித்து ஆண்டுதோறும் சபைகளிலிருந்து நமக்குக் கடிதங்கள் வருகின்றன. தாயாரின் நினைவாக என்று சிலர், பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த நன்றிக்காக என்று சிலர், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கைப்பிடி அரிசி சேர்த்த பணம் என்று சிலர் எழுதுகிறார்கள். இவற்றையெல்லாம் ஸ்தோத்திரத்தோடு பெற்றுக்கொள்ளுகிறோம். ஆனால் வெட்டின கிணற்றை ஒரு வருஷம் காவல் பண்ண எவ்வளவு செலவாகும் என்று கேட்டு ஒரு கடிதமும் வந்ததில்லை. கேட்கத் தோன்றாதது இயல்புதான். கிணறு கண்ணுக்குத் தெரிகிறது, அதன் சுவரில் ஒரு கல் பதிக்கலாம். காவலுக்குக் கல் பதிக்க இடமில்லை. ஆகவே அந்தக் கேள்வியை இந்த இதழில் நாமே எடுத்துக்கொண்டு, வேதத்தையும் நம்முடைய மலையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நமது கிராம ஊழியக் குழுவினர் போய்வருகிற இடங்களில் பள்ளங்கியும் ஒன்று. கொடைக்கானல் மலையில் வில்பட்டியை அடுத்த ஊர். சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த தோட்டங்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இப்படிப்பட்ட தோட்டங்களில்தான் விளைகிறது. பஞ்சாயத்துக் குழாய் ஒரு பக்கம் இருக்க, தோட்டத்துக்காரர்கள் தங்கள் நிலத்து ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ கறுப்பு ஓஸ் போட்டுத் தண்ணீரை ஒரு சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தொட்டியிலிருந்து சொந்த வீட்டுக்கும், வேலைக்காரர் குடியிருப்புக்கும், சில இடங்களில் ஜெபவீட்டுக்கும், சில இடங்களில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் காட்டேஜுக்கும் தண்ணீர் போகிறது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு தொட்டி, பத்து இருபது குடும்பங்கள்: பழனி மலைத்தொடர் முழுவதும் இதே அமைப்புதான். மிஷன் வளாகங்களும் அப்படியே. நமது மருத்துவமனையின் சொந்தக் கிணறும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்தத் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள்? நகராட்சித் தண்ணீருக்கு ஓர் இன்ஜினீயர் இருக்கிறார். பஞ்சாயத்துத் தொட்டிக்கு ஓர் ஆபரேட்டர் இருக்கிறார். விற்கிற புட்டித் தண்ணீருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். சொந்தக் கிணற்றுக்கு அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்பீர்கள். தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நிலத்துக்காரருக்கு ஒப்புக்கொள்ளுகிறது. 1939-ஆம் ஆண்டில் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், சீர்கெட்ட குடிநீர் ஆதாரம் தனியாருடையதாக இருந்தாலும் நடவடிக்கை எடுக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. 2003-இல் தமிழ்நாடு நிலத்தடிநீர்ச் சட்டம் ஒன்று சட்டசபையில் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது ரத்து செய்யப்பட்டது. அதன் கவலையும் பெரும்பாலும் தண்ணீரின் அளவைப் பற்றியதே. நடப்பில் பார்த்தால், ஜனங்கள் வியாதிப்பட்ட பிறகுதான் தனியார் கிணற்றண்டைக்கு அதிகாரி வருகிறார். அதற்கு முன் வரவேண்டியவர் யார் என்பதே நம்முடைய பாடம்.

இப்பொழுது யாத்திராகமத்தை எடுத்துக்கொள்வோம். சீனாய் மலையிலே கொடுக்கப்பட்ட நியாயங்களில், மாடு முட்டுவதற்கும் ஆடு திருடுவதற்கும் நடுவே, இரண்டே வசனங்களில் ஒரு குழியைப் பற்றிய பிரமாணம் வருகிறது. குழியைத் திறந்தவனோ வெட்டினவனோ அதை மூடாமல் விட்டு, அதிலே ஒரு மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்கு உடையவன் மிருகத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். நாம் இதைச் சாதாரணப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டிப்போகிறோம். எபிரெயத்தில் இங்கே வருகிற சொல் 'போர்' என்பது. தண்ணீர் சேர்த்துவைக்க வெட்டுகிற கிணற்றுக்குழிக்கு அந்தப் பெயர். யோசேப்பைச் சகோதரர் போட்ட தண்ணீரில்லாத குழியும் அதுவே. நம்முடைய ஜனங்கள் "போர் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும்போதெல்லாம் செமினரியில் படித்த எபிரெயம் நமக்கு ஞாபகம் வரும். ஒலி மாத்திரம் ஒன்று, வேர் வேறு. இதை வைத்து யாரும் பிரசங்கம் கட்டவேண்டாம்.

அந்தப் பிரமாணத்தில் மூன்று காரியங்களைக் கவனிக்கிறோம். முதலாவது, உடையவன் தீய எண்ணத்தோடு செய்தானா என்று அங்கே விசாரணையே இல்லை. மூடி இல்லை, மிருகம் செத்தது, விலை கொடு. அடுத்தது, வெட்டினவனோடு திறந்தவனையும் சேர்த்திருப்பது. முந்தின தலைமுறை வெட்டிய குழியை இன்று திறந்து உபயோகிக்கிறவனும் அதற்கு உடையவன்தான். மிஷனெரிமார் வெட்டிய கிணறுகளில் இன்றும் தண்ணீர் இறைக்கிற ஸ்தாபனங்கள் இந்த ஒரு வார்த்தையை நிதானமாக வாசிக்கவேண்டும். மூன்றாவது, விழுந்தது அடுத்தவனுடைய மிருகம். சொந்த மாடு விழுந்தால் அது அவன் நஷ்டம்; சட்டம் பேச வருவது அயலானுக்காக.

பள்ளங்கி போன்ற ஊரில் இந்த மூடியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே கிடைக்கிற பதில் ஒன்று உண்டு. "ஐயா, எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம். ஒண்ணும் ஆனதில்லையே." இது பொய்யல்ல. மலைத்தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கைக்குப் பழைய காரணமும் இருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதே சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பத்தான். மேலே மனுஷர் இல்லை, ஆகவே கீழே வருகிற ஊற்றில் மனுஷருடைய அழுக்கும் இல்லை. இன்றைக்குத் தாத்தாவின் ஊற்றுக்கு மேலே காட்டேஜ் இருக்கிறது, காட்டேஜுக்குப் பின்னால் செப்டிக் டாங்க் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் உறிஞ்சு குழி இருக்கிறது. ஊற்று அதே ஊற்று. மேலே உள்ள சரிவு அதே சரிவல்ல. காலராவும் பழங்கதையாகிவிடவில்லை. 1992-இன் கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் அதுவரை யாரும் அறியாத ஒரு புதிய காலராக் கிருமி பரவியது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

நம்முடைய பாறையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழனி மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் இந்த வகை. ஒரு கல்லறையிலிருந்து பெயர் பெற்ற பாறையின்மேல்தான் நாம் குடியிருக்கிறோம். பாறை இறுகியது, தன் உடம்பில் தண்ணீரை வைத்துக்கொள்ளாது. மேலே மட்கிய மண்போர்வையிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. மண்ணின் வழியாக மெதுவாக இறங்கும் தண்ணீர் வடிகட்டப்படும், கிருமிகளும் வழியிலே சாகும். வெடிப்பின் வழியாக ஓடும் தண்ணீருக்கு அந்த வடிகட்டல் கிடைக்காது. கழிப்பிடத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 15 மீட்டர் வேண்டும் என்று சுகாதாரப் பாடப்புத்தகங்கள் சொல்லுவது மண் நிலத்தை எண்ணிச் சொன்னது. சரிவான வெடிப்புப் பாறையில் அந்த 15 மீட்டரை நம்பித் தூங்க முடியாது. கழிப்பிடம் எந்தப் பக்கம் இருக்கிறது, மேலேயா கீழேயா என்பதுதான் முதல் கேள்வி.

வெடிப்புப் பாறை, சுற்றுலாக் கூட்டம், செப்டிக் டாங்க், தனியார் கிணறுகள் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஈரி ஏரியில் உள்ள சவுத் பாஸ் தீவு கோடை வாசஸ்தலம். தரைக்கடியில் வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புப் பாறை. 2004-ஆம் ஆண்டுக் கோடையில், கனத்த மழைகளுக்குப் பின், அங்கே போய்வந்தவர்களும் குடியிருந்தவர்களுமாக ஏறக்குறைய 1,450 பேர் வயிற்றுப்போக்கினால் துன்பப்பட்டார்கள். கழிவுநீர் நிலத்தடிநீரோடு பரவலாகக் கலந்திருந்ததை விசாரணையில் கண்டார்கள். கொடைக்கானல் சீசனைப் பார்த்தவர்கள் இதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆனால் காவல் என்ற நம்முடைய பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சம்பவம் கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்டன் என்ற சிறிய ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தது. அங்கே குடியிருந்தவர்கள் ஏறக்குறைய 4,800 பேர். அது தனியாருடைய கிணறல்ல, ஊராருடையது. என்றாலும் சிறிய அமைப்பு, நிலத்தடிநீர், தினசரிக் கவனிப்பு இரண்டு சகோதரர்கள் கையில். ஸ்டான் கோபல் மானேஜர், பிராங்க் கோபல் போர்மேன். ஐந்தாம் எண் கிணறு என்று ஒன்று இருந்தது. 15 மீட்டர் ஆழம். ஆனால் தண்ணீர் வந்து விழுந்ததோ 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் இருந்த வெடிப்புகளிலிருந்து. பக்கத்துப் பண்ணையில் மாட்டெரு போட்டிருந்தார்கள். மே 8 முதல் 12 வரை 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. எருவில் இருந்த இ.கோலி வகைக் கிருமி கிணற்றில் இறங்கியது.

அந்தக் கிணற்றில் குளோரின் போடும் கருவி இருந்தது. கெட்ட தண்ணீர் குளோரினை விழுங்கிவிடும். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு குளோரின் செலவாகி, கடைசியில் கிருமியைக் கொல்ல மீதி இராது. ஆகவே தினமும் மீதிக் குளோரினை அளந்து நோட்டில் எழுதவேண்டும் என்பது விதி. நோட்டு இருந்தது, ஒவ்வொரு நாளுக்கும் எண்ணும் இருந்தது. அளக்காமலே எழுதிய எண்கள் அவை. வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதிவந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. இந்தச் சகோதரர்கள் ஊராருக்குத் தீங்கு நினைத்தவர்களா? இல்லை. குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரை அவர்களே விரும்பிக் குடித்தார்கள். எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பினார்கள். பள்ளங்கித் தாத்தாவின் பேச்சும் இவர்களுடைய நம்பிக்கையும் ஒன்றே.

மே 17-இல் தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற சோதனை முடிவு மானேஜர் கைக்கு வந்தது. சோதித்தது ஒரு தனியார் ஆய்வுக்கூடம். முடிவைச் சுகாதார அதிகாரிக்கும் அனுப்பவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் விதி அப்போது இல்லை. மானேஜரும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரத்தபேதியோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கி, சுகாதார இலாகாவினர் போன் செய்து கேட்டபோதும் தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றே பதில் போனது. பதிலை நம்பி நிற்காமல், வியாதியின் போக்கைப் பார்த்து, மே 21-இல் சுகாதார அதிகாரி டாக்டர் மர்ரி மெக்குவிக் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்புக் கொடுத்தார். அதற்குள் கிருமி பரவிவிட்டது. 7 பேர் மரித்தார்கள். 2,300-க்கும் அதிகமானோர் வியாதிப்பட்டார்கள். நீதிபதி டென்னிஸ் ஓகானர் 2002-இல் கொடுத்த விசாரணை அறிக்கையில், எரு போட்ட விவசாயியின்மேல் குற்றமில்லை என்று கண்டார். அவர் ஒழுங்காகவே விவசாயம் செய்திருந்தார். மீதிக் குளோரினை இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்த அழிவைத் தடுத்திருக்கலாம் என்றும் எழுதினார். சகோதரர்களுக்கு 2004-இல் தண்டனை கிடைத்தது. மூத்த பொறுப்பிலிருந்தவருக்கு ஒரு வருஷச் சிறை, மற்றவருக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல்.

இந்தச் சம்பவத்தை நாம் இவ்வளவு விரிவாக எழுதுவது கனடா தேசத்தாரைக் குறைசொல்ல அல்ல. அங்கே கிணறு இருந்தது, கருவி இருந்தது, நோட்டு இருந்தது, சட்டமும் இருந்தது. இல்லாமற்போனது அந்த நோட்டைப் பார்க்க இன்னொரு கண்.

இதற்கு யாக்கோபின் சரித்திரத்திலே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ஆரான் தேசத்து வயல்வெளியில் யாக்கோபு ஒரு கிணற்றைக் காண்கிறான். மூன்று ஆட்டுமந்தைகள் பக்கத்திலே படுத்திருக்கின்றன, மேய்ப்பரும் இருக்கிறார்கள், பொழுதும் இருக்கிறது. ஆனாலும் ஒருவரும் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றின் வாயில் பெரிய கல். எல்லா மந்தைகளும் கூடினபிறகே கல்லைப் புரட்டுவதும், தண்ணீர் காட்டினபின் கல்லை மறுபடியும் அதன் இடத்தில் வைப்பதும் அவ்விடத்து வழக்கம். யாக்கோபுக்கு இது காலதாமதமாகத் தோன்றியது; ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறான். இந்தப் பகுதியில் நாம் பொதுவாக ராகேலைத்தான் பார்க்கிறோம். கல்லைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் குறைவு. மூடி ஒன்று; அந்த மூடியைத் தனியாக ஒருவரும் திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தம் இன்னொன்று. அந்த மேய்ப்பருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

எலிசா எரிகோவின் தண்ணீரை ஆரோக்கியமாக்கினதையும் வாசிப்புப் பகுதியில் சேர்த்திருக்கிறோம். தீர்க்கதரிசி போட்ட உப்பைக் குளோரினுக்கு ஒப்பிட்டுப் பேசுகிற ஊழியர்கள் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. அது கர்த்தர் செய்த அற்புதம், உப்பு மருந்தல்ல. ஆனால் அவர் எங்கே போனார் என்பதைக் கவனிக்கலாம். வீட்டுக் குடங்களை வரவழைக்கவில்லை. ஊற்று புறப்படும் இடத்துக்கே நடந்துபோனார்.

நமது குழுவினரும் பள்ளங்கிச் சரிவுகளில் முதலில் செய்வது அந்த நடைதான். கையில் கருவி ஒன்றும் வேண்டாம். கிணற்றுக்கு மேலே உள்ள சரிவில் என்னென்ன இருக்கிறது? கைப்பிடிச்சுவர் உண்டா, சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் உண்டா, அதில் வெடிப்பு இருக்கிறதா? சிந்தின தண்ணீர் வெளியே ஓடுகிறதா, திரும்பக் கிணற்றுக்குள்ளேயே வடிகிறதா? தொட்டிக்கு மூடி இருக்கிறதா? ஓஸ் எங்கே சாக்கடைக்குள் கிடக்கிறது, எந்த மூட்டில் சைக்கிள் டியூப் கட்டியிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்கவேண்டாம். மோட்டார் நின்றதும் தண்ணீர் கீழிறங்கி, ஓஸ் உள்ளே காற்றிழுக்கும். அப்போது லூசான மூட்டு சாக்கடையைத்தான் உறிஞ்சும். கிணற்றிலே சுத்தமாயிருந்த தண்ணீர் வீட்டுக்கு வரும்போது கெட்டிருப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

பிறகு குளோரின். வட்டக்கிணறு 2 மீட்டர் அகலம், தண்ணீர் 3 மீட்டர் ஆழம் என்றால் உள்ளே ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. ஆகவே 24 கிராம், கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மாத்திரம் ஊற்றவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின் நின்றால் போதுமானது. நிற்கவில்லையென்றால் தண்ணீர் அதை விழுங்கியிருக்கிறது, அல்லது பவுடர் செத்திருக்கிறது. புதிய பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்கும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது பறந்துபோகும். நம்முடைய மலையின் பனிமூட்டத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் மிஞ்சுவது சுண்ணாம்பு மாத்திரமே. தினமும் போட ஆள் இல்லாத இடங்களுக்கு நாகபுரியிலுள்ள நீரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த இரட்டைப் பானை முறை உண்டு. ஒரு கிலோ பவுடரை இரண்டு கிலோ பருமணலோடு கலந்து, துளையிட்ட சிறு பானையில் போட்டு, அதைத் துளையிட்ட பெரிய பானைக்குள் வைத்து, கிணற்றில் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவது. சிறிய வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும். குயவர் சூளைப் பானையே போதும்.

சோதனைக்கு வருவோம். குடிக்கும் தண்ணீரில் 100 மில்லி எடுத்துப் பார்த்தால் ஓர் இ.கோலி கிருமிகூட இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன் விதி. அதை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்கமுடியும். திண்டுக்கல்லுக்கு மலையிறங்கி, மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். அடிக்கடி முடியாது. ஆகவே இடையில் உதவுவது ஹைட்ரஜன் சல்பைடு காகிதப் புட்டி. குவாலியரிலுள்ள நமது ராணுவ ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் மஞ்சாவும் உடனிருந்தவர்களும் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது. மருந்தேற்றிய காகிதம் போட்ட புட்டியில் தண்ணீரைக் குறியளவுக்கு நிரப்பி மூடிவைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் ஒன்று இரண்டு நாளில் கறுத்துப்போகும். எழுத்தறியாத பாட்டிக்கும் கறுப்பு தெரியும். நம்முடைய குளிரில் இது மெதுவாகவே கறுக்கும். ஆகையால் புட்டியைத் துணியில் சுற்றி அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் வைக்கச் சொல்லுகிறோம். அடுப்பின்மேல் வைத்தால் கிருமி செத்து, கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராக வேஷம் போடும்.

மாதிரி எடுக்கும் நாளும் முக்கியம். மார்ச் மாதத்து வெயிலில் எடுத்து, நல்ல முடிவைச் சட்டம் போட்டு மாட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். வாக்கர்டனிலும் சவுத் பாஸ் தீவிலும் கேடு வந்தது மழைக்குப் பின். வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை பெய்த வாரத்தில் எடுக்கிற மாதிரியே உண்மையைச் சொல்லும்.

கறுப்புப் புட்டி காட்டாதவையும் உண்டு. உரமும் எருவும் மிகுந்த தோட்டங்களின் கீழே நைட்ரேட் சேரலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது அதற்கு எல்லை, அதற்குமேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். கிருமிக்குக் காய்ச்சுவது நல்லது; கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுவது பத்திரம். பாதரசம் போன்றவை வேறு. 2001-இல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிவந்தபோது, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத கேடு மலையிலும் இருக்கக்கூடும் என்பதை நாடே அறிந்தது. இவற்றுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்தின் முழுச் சோதனை தேவை.

இனி நோட்டு. தேதி, மழை, மீதிக் குளோரின், புட்டியின் நிறம், எழுதினவர் கையெழுத்து. நாற்பது பக்க நோட்டு வருஷத்துக்குத் தாராளம். ஆனால் எழுதுகிறவரும் பார்க்கிறவரும் ஒருவராக இருக்கலாகாது. தோட்டத்துக் கிணறானால் தோட்டத்துக்காரர் எழுதட்டும், தண்ணீர் பிடிக்கிற குடும்பத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களைத் தண்ணீர் சோதிக்கப் பழக்குவது என்று ஏற்பாடு. அப்படிப் பழகினவர்கள் ஊரில் இருந்தால் அவர்களை அழைக்கலாம். கூலிக்கு இருக்கிற ஒரு தாய் முதலாளியின் நோட்டைப் பார்த்து, "நேத்து ஏன் எழுதலீங்க?" என்று கேட்பது எளிதல்ல. வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்த இடத்தில் மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் நோட்டைத் திறந்தால் அந்தக் கேள்வி கேட்கப்படும். நமது குழுவின் வேலையில் மருந்து கொடுப்பதைவிட இது கடினமானது என்று நாம் நினைக்கிறோம்.

பங்காளர்களே, காகிதப் புட்டி, குளோரின் அளக்கும் சிறு கருவி, மூடியுள்ள டப்பாவில் பவுடர், திண்டுக்கல்லுக்கு மாதிரி கொண்டுபோகும் பஸ் கட்டணம், செவிலியரின் ஒரு நாள்: காவல் என்பது இவ்வளவே. இவற்றில் எதற்கும் பெயர்க்கல் வைக்கமுடியாது. புதிய கிணற்றுக்கென்று காணிக்கை அனுப்ப நினைத்திருப்பவர்கள், மணியார்டர் தாளிலோ கடிதத்திலோ "காவலுக்கு" என்று ஒரு சொல் எழுதினால் அந்தப் பணம் இதற்கே செலவாகும். புதிய கிணறு கேட்டு விண்ணப்பிக்கிற சபைகளிடமும் நோட்டை யார் எழுதுவார், யார் பார்ப்பார் என்று இரண்டு பெயர்களை முதலில் கேட்க ஆலோசித்து வருகிறோம். சில சபைகளுக்கு இது கசப்பாயிருக்கலாம்.

நமது வளாகக் கிணற்றின் நோட்டு மோட்டார் அறைக் கதவின் உள்பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மருத்துவமனையைப் பார்க்க வரும் அன்பர்கள் வார்டுகளையும் சிற்றாலயத்தையும் பார்த்தபின் அதையும் கேட்டுப் பார்க்கலாம், தடையில்லை. வரும் பருவமழையின் முதல் கனமழைக்குப் பிறகு இந்தக் கிணற்றிலும், உடையவர்கள் சம்மதிக்கிற பள்ளங்கிக் கிணறுகளிலும் மாதிரி எடுக்கிறோம். பள்ளங்கிக்காரர்களின் முடிவு அவர்களுக்கும் அவர்களிடம் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கும் சொல்லப்படும். நம்முடைய கிணற்றின் முடிவு, புட்டி கறுத்தாலும் கறுக்காவிட்டாலும், அதற்கடுத்த இதழில் அச்சாகும்.